பாலித் தீவில் ஒரு நாளுக்கு டிரைவரோடு கார்: எட்டு இடம் பார்க்க முடியுமா?

கேள்வி | 11 ஆகஸ்ட் 2024, மாலை 6:05

செப்டம்பர் 22 முதல் 28 வரை பாலி போகிறோம். அப்பா (70), அம்மா (66), மனைவி, ஆறு வயதுப் பையன். ஹோட்டல் குட்டாவில். புதன்கிழமை 25ஆம் தேதி மட்டும் டிரைவரோடு கார் எடுத்து, பேக்கேஜ் எதுவும் இல்லாமல் நாங்களே போட்ட பட்டியல்படி சுற்றலாம் என்று எண்ணம். பட்டியல்: லெம்புயாங் கோவில் வாசல், தீர்த்த கங்கா நீர் அரண்மனை, தீர்த்த எம்புல் ஊற்றுக் கோவில், தெகல்லாலாங் வயல், கிந்தாமணி எரிமலை, உபுட் குரங்குக் காடு, தானா லொட் கடற்கோவில், கடைசியாக உலுவாட்டுவில் கெச்சாக் நடனம். பத்து மணி நேரத்துக்கு 7 லட்சம் இந்தோனேசிய ரூபியா கேட்கிறார்கள். நியாயமா? எல்லாம் ஒரே நாளில் முடியுமா? ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் போதும் என்கிறான் தம்பி.

11 ஆகஸ்ட், இரவு 9:40

முடியாது.

12 ஆகஸ்ட், காலை 7:15

நேற்று குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். இப்போது காபியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதக் கடைசியில்தான் போய்விட்டு வந்தோம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கிருந்து பாலி. நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், 71 வயது மாமியார். நாங்களும் இப்படித்தான் ஒரு பட்டியல் போட்டோம். எங்களுடையதில் ஆறு. உங்களுடையது எட்டு. அதனால் கொஞ்சம் உரிமையோடு திட்டுகிறேன்.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டா தெற்கே விமான நிலையத்தின் பக்கம். லெம்புயாங் கிழக்குக் கோடி. அங்கே போகவே இரண்டரை மணி நேரம். அங்கிருந்து தீர்த்த கங்கா கிட்டத்தில்தான். பிறகு தீர்த்த எம்புல் வந்து சேர இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். தெகல்லாலாங் அதற்குப் பக்கம், கிந்தாமணி இன்னும் வடக்கே மலை மேல். உபுட்டிலிருந்து தானா லொட் மேற்கே ஒன்றரை மணி. தானா லொட்டிலிருந்து உலுவாட்டு தெற்கு முனை, சாயங்கால நெரிசலில் இரண்டு மணி. ஓட்டத்துக்கு மட்டுமே பத்து மணி நேரம் சரியாகப் போய்விடும். காரை விட்டு யாரும் இறங்கக் கூடாது, பையனுக்கு ஒன்றுக்கு வரக் கூடாது.

இன்னொன்று. தானா லொட்டும் உலுவாட்டும் எல்லோரும் சூரிய அஸ்தமனத்துக்குப் போகிற இடங்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க ஆறிலிருந்து ஆறே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். கெச்சாக் தொடங்குவதும் ஆறு மணிக்கு. உங்களுக்காக ஒரு நாள் இரண்டு தடவை மறையச் சொல்லிப் பார்க்கலாம்.

12 ஆகஸ்ட், காலை 7:50

பணத்தை விட்டுவிட்டேன். 7 லட்சம் என்றதும் பயப்பட வேண்டாம். என் மாமனார் போனில் இந்தத் தொகையைக் கேட்டுவிட்டு "வண்டியை வாங்கிட்டீங்களா?" என்றார். நாங்கள் போனபோது நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 190 ரூபியா. கடைசி மூன்று சைபரை அடித்துவிட்டு ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். 7 லட்சம் என்றால் 3,500, சரியாகப் பார்த்தால் 3,700 பக்கம். பெட்ரோல், டிரைவர், ஏழு பேர் உட்காரும் வண்டி எல்லாம் சேர்த்து. நியாயமான விலைதான். எங்கள் ஹோட்டல் வரவேற்பில் இதே காருக்கு 11 லட்சம் கேட்டார்கள்.

கோவில் நுழைவுச் சீட்டு இதில் வராது, அது உங்கள் செலவு. பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் தனிக் காசு கிடையாது.

12 ஆகஸ்ட், மதியம் 1:20

ஸ்கூட்டர் பற்றித் தம்பியிடம் சொல்லுங்கள்: ஐந்து பேர். அப்பாவுக்கு 70. மேலும், இரு சக்கர வண்டி வகையும் சேர்ந்த சர்வதேச உரிமம் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும், விழுந்தால் பயணக் காப்பீடும் கை விரித்துவிடும். கால் முட்டியில் வெள்ளைக் கட்டோடு திரியும் வெளிநாட்டுப் பையன்களை ஒரு நாளைக்கு நாலு பேராவது பார்க்கலாம்.

ஆப் டாக்ஸி கூப்பிடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். போவதற்குக் கிடைக்கும். திரும்புவதற்குச் சிக்கல். உபுட் பக்கத்திலும் பல சுற்றுலா இடங்களிலும் உள்ளூர் டிரைவர் சங்கங்கள் ஆப் வண்டிகளை ஆள் ஏற்ற விடுவதில்லை, போர்டே வைத்திருக்கிறார்கள். கோவில் வாசலில் மாமியாரை நிறுத்தி வைத்துக்கொண்டு போனைத் தட்டிக்கொண்டு நிற்பது வேண்டாத வேலை.

13 ஆகஸ்ட், இரவு 10:05

திருத்தம். பத்து மணி நேரத்துக்கு மேல் தனிக் காசு இல்லை என்று நேற்று எழுதியது தப்பு. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டினார். மணிக்கு 50 ஆயிரம் கூடுதல் என்று டிரைவர் முதல் நாளே தெளிவாகப் போட்டிருக்கிறார், நாங்களும் கொடுத்திருக்கிறோம். நான் அதை டிப்ஸ் என்று நினைத்திருந்தேன். டிப்ஸ் ஒரு லட்சம் தனி. (அதாவது 500 ரூபாய் சொச்சம். இப்படி லட்சம் லட்சமாகக் கொடுப்பது நன்றாகத்தான் இருக்கிறது.)

பேசும்போதே இதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: எத்தனை மணிக்கு ஆரம்பம், மணிக்கணக்கு ஹோட்டல் வாசலிலிருந்தா, பார்க்கிங் யார் கணக்கு, கூடுதல் மணிக்கு எவ்வளவு, எந்த வண்டி. ஐந்து பேருக்கு அவான்சா போதும், கடைசி வரிசையில் பையனை உட்கார வைக்கலாம். அப்பாவுக்குக் கால் நீட்ட வேண்டுமென்றால் இன்னோவா கேளுங்கள்.

15 ஆகஸ்ட், காலை 11:30

லீவு நாள், அதனால் நீளமாக.

லெம்புயாங்கை அடித்துவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன். அந்தப் பிளந்த வாசலுக்கு நடுவில் நிற்பது போலவும் கீழே ஏரியில் நிழல் தெரிவது போலவும் படங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏரியே கிடையாது. படம் எடுக்கிறவர் போன் லென்சுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடிக்கிறார், தண்ணீர் வந்துவிடுகிறது. எங்கள் ஹோட்டலில் இருந்த ஒரு குடும்பம் அதற்கு மூன்று மணி நேரம் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, ஒரு நிமிடம் நின்று, ஒரு குதி குதித்துவிட்டு வந்தது. நாள் போச்சு. வாசலைத் தாண்டி மேலே மலை உச்சிக் கோவில் வரை ஏற 1,700 படி என்கிறார்கள். அது பழனிக்கு நடப்பவர்களுக்கு.

தீர்த்த எம்புலை மட்டும் விடாதீர்கள். தம்பாக்சிரிங்கில் இருக்கிறது. ஊற்றுக் குளம், வரிசையாகக் கல்வாய்கள், ஒவ்வொன்றின் கீழும் தலையைக் காட்டிவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். கி.பி. 962இல் உண்டானது என்று அங்குள்ள கல்வெட்டுக் கணக்கு. நம் தஞ்சைப் பெரிய கோவிலைவிடச் சுமார் ஐம்பது வருடம் மூத்தது. மாயதேனாவா என்ற அசுரன் தண்ணீரில் விஷம் கலந்து படையைச் சாய்த்தபோது இந்திரன் தரையைக் குத்தி வரவழைத்த ஊற்று என்பது கதை. மாமியார் கேட்டுவிட்டு, "ராமேஸ்வரத்துல இருபத்திரெண்டு கிணறு, இங்க எத்தனை?" என்றார். டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது: இரண்டு வாய்கள் இறந்தவர்களுக்கான கிரியைக்கு உரியவை, அவற்றின் கீழ் நாம் போகக் கூடாது. முன்னால் போன வெள்ளைக்காரர் அங்கேயும் ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்தார்.

குளிக்கத் தனி சாரம் (லுங்கி மாதிரி) அங்கேயே தருவார்கள். மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். தண்ணீர் நல்ல குளிர், மாமியாருக்குப் பல் தந்தியடித்தது.

காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தோம். அதற்கு குட்டாவிலிருந்து ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். பத்து மணிக்குப் பிறகு கோவிலில் சாமியைவிட செல்ஃபி குச்சிதான் அதிகம்.

15 ஆகஸ்ட், பகல் 12:10

வயலைப் பற்றி எழுத விட்டுப்போச்சு.

தெகல்லாலாங்கில் நாங்கள் பார்த்தது ஊஞ்சல், கூடு போல் செய்த படமெடுக்கும் மேடை, இவற்றுக்கிடையில் கொஞ்சம் நெல். நடுவரப்பில் போகும்போது பெரியவர் ஒருவர் உண்டியல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நன்கொடை கேட்டார். வீட்டுக்காரர் முணுமுணுத்தார். மாமியார் லால்குடிப் பக்கம், பிறந்தது வயல் வீட்டில். "அவன் வரப்புல நீ நடக்கிற, குடுத்தா என்ன?" என்று இருபதாயிரத்தை எடுத்துப் போட்டுவிட்டு, குனிந்து ஒரு குத்துப் பயிரை விரலால் விலக்கிப் பார்த்தார். "நட்டு இருபது நாள் இருக்கும். தூர் நல்லா கட்டியிருக்கு." டிரைவர் அந்தப் பெரியவரிடம் கேட்டார். பதினெட்டு நாளாம்.

அந்த வயல்களின் தண்ணீர்ப் பங்கீட்டு முறைக்கு சுபாக் என்று பெயர், 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரே நீரில் பாயும் வயல்காரர்கள் எல்லாம் ஒரு கூட்டு. யாருக்கு எப்போது தண்ணீர், எப்போது நடவு என்பதை நீர்க்கோவிலை வைத்து முடிவு செய்கிறார்கள். மாமியாருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "எங்க ஊர்ல நீர்க்கட்டி பார்ப்பான்" என்றார் (வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்து விடுகிறவர்), அவ்வளவுதான். வயல் மட்டும்தான் வேண்டும், ஊஞ்சல் வேண்டாம் என்றால் மேற்கே ஜாத்திலுவி பெரியது, கூட்டம் குறைவு. ஆனால் அது உங்கள் பாதையில் வராது.

16 ஆகஸ்ட், இரவு 8:45

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: டிரைவர்கள் கமிஷனுக்காகக் கடை கடையாக இழுத்துப்போவார்களாமே, உண்மையா?

உண்மை. பத்துபுலான், செலுக், மாஸ் என்று உபுட் போகும் பழைய சாலை முழுக்க அதுதான். ஒன்று துணி, ஒன்று வெள்ளி, ஒன்று மரச் சிற்பம். அப்புறம் காபித் தோட்டம். முதல் நாளே "கடைகள் வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். முகம் பார்க்க வேண்டாம், வெட்டிச் சொல்லிவிடுங்கள். எங்களை ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஏமாற்றிவிட்டார்கள், அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. பதினான்கு குட்டிக் கோப்பையில் இலவசமாக டீ, காபி, மஞ்சள் தண்ணி எல்லாம் வைப்பார்கள். அதற்குப் பிறகு லுவாக் காபி. நம் ஊரில் ஓட்டு வீட்டு மேல் ஓடுமே மரநாய், அது தின்று கழித்த காபிக் கொட்டை. அந்தப் பிராணியைக் கூண்டில் போட்டு வைத்திருந்தார்கள், பகலில் தூங்கும் ஜீவனைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்ன மகள் அழுதுவிட்டாள். அப்படியும் வெளியே வரும்போது என் கையில் ஒரு பாக்கெட் இருந்தது, ஊர் விலைக்கு நாலு மடங்கு.

18 ஆகஸ்ட், மாலை 5:30

இரண்டு நாளாக மேலே எழுதியது உறுத்துகிறது.

"எங்களைக் கொண்டுபோய்" என்று எழுதினேன். யோசித்துப் பார்த்தால் காரில் "நல்ல காபி எங்கே கிடைக்கும்?" என்று கேட்டது நான்தான். அவர் ஒரு கணம் தயங்கினார். "டூரிஸ்ட் காபியா, வாருங் காபியா?" என்றார். வாருங் என்றால் நம் டீக்கடை. எனக்குப் புரியவில்லை, டூரிஸ்ட் என்று சொல்லிவைத்தேன், ஏதோ ஸ்பெஷல் என்று நினைத்து. பாக்கெட்டை வாங்கியதும் நான். ஏமாற்றியது யார்?

கமிஷன் விஷயமும் முழுக்க அப்படி இல்லை. அந்த இடங்களில் டிரைவருக்கு நிழல், கழிவறை, சாப்பாடு உண்டு. கிந்தாமணி சாலையோர பஃபே ஓட்டல்களில் நாம் எரிமலை பார்த்துக்கொண்டு சுமாரான நூடுல்ஸ் தின்னும்போது பின்கட்டில் டிரைவர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு நாங்கள் "கடை வேண்டாம், பஃபே வேண்டாம், கட்டுசோறு இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னோம். அவர் மதியம் ரோட்டோரம் ஒரு பொட்டலம் வாங்கி வண்டி நிழலில் நின்றுகொண்டே சாப்பிட்டார். 7 லட்சத்தில் வண்டிக் கடன், பெட்ரோல் எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சரி, கடை வேண்டாம் என்று எழுதுங்கள். கூடவே மதியச் சாப்பாடு உங்களோடுதான் என்றும் எழுதுங்கள்.

18 ஆகஸ்ட், மாலை 6:15

சாப்பாடு என்றதும் ஞாபகம் வந்தது. சைவம் என்றால் "இறைச்சி இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. தெராசி என்ற இறால் விழுது சம்பலில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "தெராசி வேண்டாம்" என்று டிரைவரை விட்டுச் சமையல்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாஹு (டோஃபு), கீரை, சோறு கிடைக்கும். எங்கள் கையில் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தது. டிரைவர் விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதி பாட்டில் அவர் வீட்டுக்குப் போயிற்று.

19 ஆகஸ்ட், காலை 6:50

ஐயோ.

நீங்கள் போட்ட தேதியை இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். செப்டம்பர் 25, புதன். அன்றைக்கு கலுங்கான். பாலியின் மிகப் பெரிய பண்டிகை. இத்தனை நாள் லெம்புயாங், மரநாய் என்று கதையளந்துகொண்டிருந்தேன், முதலில் பார்க்க வேண்டியது இதை.

19 ஆகஸ்ட், காலை 9:10

டிரைவருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டுவிட்டேன். அவர் சொன்னது:

25ஆம் தேதி எவ்வளவு கொடுத்தாலும் அவர் வரமாட்டார். முன்னோர்களின் ஆவி வீட்டுக்கு வரும் நாள். காலையில் வீட்டுக் கோவில், பிறகு ஊர்க் கோவில். 24ஆம் தேதி பெனம்பஹான், பன்றி அடித்துப் படையல் சமைக்கும் நாள், ஆண்களுக்கு விடியற்காலையிலிருந்து வேலை. 26ஆம் தேதி மானிஸ் கலுங்கான், எல்லோரும் உறவுக்காரர் வீட்டுக்கும் ஊர் சுற்றவும் கிளம்புவார்கள், சாலை முழுக்க மாச்செட். மாச்செட் என்றால் டிராஃபிக் ஜாம். டிரைவர்கள் வாயில் மணிக்கு பத்துத் தடவை வரும் வார்த்தை, நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

23 திங்கள் அல்லது 27 வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி என்றால் பென்ஜோர் எல்லாம் நட்டிருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நுனி வளைந்து தொங்கும் நெடிய மூங்கில், தென்னங்குருத்துத் தோரணம், நெற்கதிர், பழம் கட்டியது. கலுங்கானுக்குப் பத்து நாள் கழித்து, அக்டோபர் 5, குனிங்கான் அன்று முன்னோர்கள் திரும்பிப் போகிறார்கள். இதெல்லாம் 210 நாள் சுற்றும் அவர்கள் பஞ்சாங்கம், அதனால் வருடா வருடம் தேதி மாறும். வேடிக்கை என்னவென்றால் நமக்கும் அந்த வாரம் மகாளய பட்சம். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

25ஆம் தேதிக்கு ஏற்கெனவே யாராவது "ஓகே" சொல்லியிருந்தால் மறுபடி கேட்டு உறுதி செய்யுங்கள். பாலியில் முஸ்லிம், கிறிஸ்தவ டிரைவர்களும் உண்டு, வரலாம். ஆனால் அன்று தீர்த்த எம்புலில் உள்ளூர் மக்கள் கும்பிட வந்து நிற்பார்கள், அவர்கள் நடுவில் கேமராவோடு நிற்க எனக்கு மனசு வராது.

21 ஆகஸ்ட், இரவு 9:55

டிரைவர் நம்பர் கேட்டு நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். பொதுவில் போட மாட்டேன். பெயர் சொன்னாலும் கண்டுபிடிக்க முடியாது. அங்கே பிறந்த வரிசைப்படிதான் பெயர்: முதல் குழந்தை வயான் அல்லது புத்து, இரண்டாவது மடே அல்லது கடெக், மூன்றாவது ஞோமான் அல்லது கொமாங், நாலாவது கெத்துத். ஐந்தாவது பிறந்தால் மறுபடி வயான். எங்கள் ஆள் இரண்டாவது பிள்ளை. தீவில் கால்வாசிப் பேர் அவர் பெயரில் இருப்பார்கள். அதை ஆங்கில எழுத்தில் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர் "மேட் இன் எங்கே?" என்று கேட்டவர்.

"ப்ளி" என்று கூப்பிடுங்கள். நம் "அண்ணே" மாதிரி. மாமியாரை அவர் "இபு" என்றார், அம்மா என்று அர்த்தம். காலையில் ஏறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி "சுடா மகான்?" சாப்பிட்டாச்சா. மாமியார் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மனிதர் தப்பே செய்ய முடியாது.

24 ஆகஸ்ட், பகல் 3:00

ஆறு இடத்தில் நாங்கள் எத்தனை பார்த்தோம் என்று கேட்டீர்கள். மூன்று. தீர்த்த எம்புல், கிந்தாமணி, தெகல்லாலாங். உபுட்டில் ஒரு மணி நேரம் என்பதைச் சேர்த்தால் மூன்றரை.

கிந்தாமணியைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பெனெலோக்கான் மேட்டில் நின்றால் எதிரே பாத்தூர் எரிமலை, 1,717 மீட்டர், பக்கத்தில் ஏரி. 1926இல் குழம்பு வந்து பழைய ஊரை மூடியதால் ஊரையும் கோவிலையும் மேட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். கறுப்பாகக் கிடப்பது எல்லாம் உறைந்த குழம்பு. மதியத்துக்கு மேல் மேகம் வந்து மூடிவிடும். நாங்கள் பதினொன்றுக்கு நின்றோம், தெரிந்தது, போதும்.

மிச்சம் எங்கே போயிற்று என்றால், தெகல்லாலாங் முடிந்து கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒரு ஊர் முக்கில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி கட்டிய பெச்சாலாங், அதாவது ஊர்க் காவலர், கையைக் காட்டி நிறுத்தினார். டிரைவர் இன்ஜினை அணைத்துக் கண்ணாடியை இறக்கினார். "ங்காபென்" என்றார். தகன ஊர்வலம். முன்னும் பின்னும் ஐம்பது அறுபது வண்டி, ஒருவர் ஹாரன் அடிக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

முதலில் கம்லான் மேளம், வெண்கலத் தட்டுகள். பிறகு தலையில் படையல் சுமந்த பெண்கள். பிறகு மூங்கிலில் கட்டிய கோபுரம், பல அடுக்கு, தங்கக் காகிதம், முப்பது நாற்பது பேர் தோளில். எங்கள் காருக்கு நேர் எதிரே இருந்த முச்சந்தியில் அதை ஓட்டமாக மூன்று சுற்றுச் சுற்றினார்கள். தூக்குகிறவர்கள் மேல் யாரோ குடத்துத் தண்ணீரை வீசினார்கள், எங்கள் கண்ணாடி மேலும் தெறித்தது. ஆவி வழி தெரிந்து வீட்டுக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்று அப்படிச் சுற்றுவதாம். மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு, இருந்த இடத்திலேயே கை கூப்பினார். "நம்ம ஊர்லயும் திருப்பித்தான் எடுத்துட்டுப் போவாங்க" என்றார். மகள் "பாட்டி, அவங்க ஏன் சிரிக்கிறாங்க?" என்று கேட்டாள். டிரைவரிடம் கேட்டுச் சொன்னேன்: கண்ணீர் விட்டால் போகிறவருக்குக் கால் கட்டும் என்று நினைப்பார்களாம்.

ஐம்பது நிமிடம். தானா லொட் அங்கேயே போயிற்று. வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். உலுவாட்டுவுக்கு மறுநாள் சாயங்காலம் அதே டிரைவரை நாலு மணி நேரத்துக்கு மட்டும் எடுத்தோம். கெச்சாக் நன்றாக இருந்தது, வாத்தியமே இல்லாமல் வாயாலேயே ராமாயணம். ஆனால் மாமியார் அனுமன் வருவதற்குள் தூங்கிவிட்டார். குரங்கு ஒன்று வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோயிற்று, காவலாள் பழம் கொடுத்து மீட்டார். கண்ணாடி, கம்மல், தொப்பி எதையும் போட்டுக்கொண்டு அங்கே போகாதீர்கள்.

24 ஆகஸ்ட், பகல் 3:25

ஆக, உங்களுக்கு என் பட்டியல்: 27 வெள்ளி, காலை ஆறரை, தீர்த்த எம்புல், கிந்தாமணி, வரும் வழியில் தெகல்லாலாங் அல்லது உபுட், எது களைப்புக்குப் பொருந்துகிறதோ அது. கெச்சாக்குக்கு வேறொரு சாயங்காலம். மற்றதைத் தம்பி ஸ்கூட்டரில் போய்ப் படம் எடுத்து அனுப்பட்டும்.

30 செப்டம்பர், இரவு 10:20

கேட்டவர் போய்விட்டு வந்து எழுதியதைப் படித்தேன். 27ஆம் தேதி, நாலு இடம். நாலா! எங்களைவிட ஒன்று அதிகம். பென்ஜோர் படம் போட்டதற்கு நன்றி. அப்பா நூற்றுப்பதினேழு வரை எண்ணிவிட்டுத் தூங்கினார் என்பதை மாமியாரிடம் படித்துக் காட்டினேன்.

லெம்புயாங் போகாததற்கு உங்கள் மனைவி என்னைத் திட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி வீட்டிலேயே இருக்கும், போனுக்குக் கீழே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

11 அக்டோபர், மாலை 7:10

இழைக்குச் சம்பந்தம் பாதிதான், இருந்தாலும்.

நாங்கள் காரில் ஏறியது ஜூலை 29, திங்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை, 27, அங்கே தும்பெக் லண்டெப். இரும்பு, கருவி, வண்டி எல்லாவற்றுக்கும் பூஜை செய்யும் நாள். அதனால் எங்கள் வண்டியின் முகப்பில் வாடிய தென்னங்குருத்துப் பின்னல் ஒன்று இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே டேஷ்போர்டு மேல் சானாங்: உள்ளங்கை அளவு ஓலைத் தட்டு, கிழக்கே வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம், நடுவில் ஒரு ஊதுபத்தி, ஓரத்தில் ஒரு கிரீம் பிஸ்கட். வளைவு வரும்போது பிஸ்கட் நகரும், அவர் ஒரு விரலால் தள்ளி வைப்பார். மாமியார் ஏறியதும் சக்கரத்துக்கு அடியில் குனிந்து எலுமிச்சம்பழம் தேடினார். இல்லை.

இன்றைக்கு நமக்கு ஆயுத பூஜை. காலையில் எங்கள் காருக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் வைத்துப் படம் எடுத்து டிரைவருக்கு அனுப்பச் சொன்னார் மாமியார். அனுப்பினேன். நாலு சக்கரத்தடியிலும் பச்சையாக இருப்பது என்ன என்று கேட்டார். எலுமிச்சம்பழம், வண்டியை ஏற்றி நசுக்குவோம், திருஷ்டி போகும் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "இபு, நாலும் நல்ல பழமா?"

மாமியார் என்னை எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறார்.